கிர்க் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் ஸ்பாக் என்ன ஆகியிருப்பார்?

பின்வரிசை:

பழைய ஸ்டார் ட்ரெக் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசி சேனலில் 79 பகுதிகள் வந்ததே, கேப்டன் கிர்க்கும், உணர்ச்சி காட்டாத, கூர் காதும் பச்சை ரத்தமும் உள்ள பாதி வேற்றுக்கிரகத்தவர் ஸ்பாக்கும் வரும் அந்த விண்கப்பல் தொடர். பிற்பாடு வந்த படங்களையும் புதுத் தொடர்களையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம்.

அதில் நடிகர்களை மாற்றிப் போடலாம் என்றால் யாரை எங்கே போடுவீர்கள்?

இப்படிக் கேட்டால் உடனே இன்றைய நட்சத்திரங்களின் பட்டியல் வந்து குவியும் என்று தெரியும். அது வேண்டாம். நீங்கள் சொல்லும் ஆள் 1964லிருந்து 66க்குள் ஹாலிவுட்டில் வேலை செய்துகொண்டிருந்தவராக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒருவரை மாற்றினால் அவர் பக்கத்தில் நிற்பவர் என்ன ஆவார் என்றும் சொல்ல வேண்டும். "இவர் நன்றாக இருப்பார்" என்று மட்டும் எழுதினால் செல்லாது.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், சமீபத்தில் 'தி கேஜ்' மறுபடியும் பார்த்தேன். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி முதலில் எடுத்த பைலட், அதாவது சேனலுக்குக் காட்டுகிற மாதிரிப் பகுதி. 1964 கடைசியில் படமாக்கினார்கள், என்பிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறொன்று எடுத்துக் காட்டுங்கள் என்றது. இதில் கிர்க் கிடையாது. கேப்டன் பெயர் பைக், நடித்தவர் ஜெஃப்ரி ஹன்டர். 'கிங் ஆஃப் கிங்ஸ்' படத்தில் ஏசுவாக வந்த அதே நீலக் கண்காரர். இவருடைய கேப்டன் அலுத்துப்போன மனிதர். இந்த வேலையே வேண்டாம், ஊருக்குப் போய்விடலாமா என்று டாக்டரிடம் சொல்கிறார். டாக்டர் நாடி பார்க்கவில்லை, ஒரு மார்ட்டினி கலந்து கையில் கொடுக்கிறார். அந்தக் காட்சி முழுக்க ஹன்டர் குரலை உயர்த்துவதே இல்லை. எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது.

அப்புறம் கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே நீல நிற இலைகள் அதிர்ந்து அதிர்ந்து ஒரு ஓசை எழுப்புகின்றன. ஸ்பாக் கையால் இலையைப் பிடிக்கிறார், ஓசை நின்றுவிடுகிறது. உடனே ஒரு சிரிப்பு. உதட்டோரப் புன்னகை இல்லை, திருவிழாக் கடையில் பொம்மையைத் தொட்டுப் பார்த்த பையனின் சிரிப்பு. தொடரில் ஸ்பாக்காக வருகிற அதே லெனார்ட் நிமோய், அதே காது, அதே புருவம். கொஞ்ச நேரம் கழித்து, கப்பலிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் மாயமாகிவிட, ஸ்பாக் தொண்டை கிழியக் கத்துகிறார். முதல் தடவை பார்க்கிறவர் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

இதற்கு நிமோயே பின்னால் விளக்கம் சொல்லியிருக்கிறார். ஹன்டர் அடக்கி வாசிப்பவர், அதனால் காட்சியில் கொஞ்சம் வேகம் இருக்கட்டும் என்று நான் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிர்க்காக ஷாட்னர் வந்த பிறகு அந்த வேகத்தை அவர் பார்த்துக்கொண்டார், நான் அசையாமல் நிற்க இடம் கிடைத்தது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். என் கட்சியும் இதுதான். ஸ்பாக் என்ற பாத்திரத்தில் பாதியை உருவாக்கியது வில்லியம் ஷாட்னர். அவருடைய நடிப்பைக் கேலி செய்கிறவர்கள், அந்த இழுத்து இழுத்துப் பேசுவதைப் பகடி செய்கிறவர்கள், இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிஜத்திலேயே நடந்திருக்கக்கூடிய மாற்றங்களும் நிறைய. கேப்டன் வேடத்துக்கு லாய்ட் பிரிட்ஜஸைக் கேட்டிருக்கிறார்கள், அவர் விண்வெளிக் கதை வேண்டாம் என்றிருக்கிறார். ஹன்டர் இரண்டாவது பைலட்டுக்கு வர மறுத்ததும் ஜாக் லார்டிடம் பேசினார்களாம், அவர் தொடரின் உரிமையில் பங்கு கேட்டாராம். அவர்தான் 1968ல் 'ஹவாய் ஃபைவ்-ஓ'வில் போய் உட்கார்ந்தவர். ஸ்பாக் வேடம் மார்ட்டின் லாண்டாவுக்குப் போய், உணர்ச்சியே காட்டக் கூடாத ஆளை நடிப்பது தனக்குச் சித்திரவதை என்று அவர் ஒதுங்கினார். அவர் போய்ச் சேர்ந்த 'மிஷன்: இம்பாசிபிள்' அதே டெசிலு ஸ்டூடியோவில், அதே 1966 செப்டம்பரில் தொடங்கியது. 1969ல் லாண்டாவ் அதை விட்டு விலகியபோது அந்தக் காலி இடத்துக்கு வந்தது யார்? ஸ்டார் ட்ரெக் முடிந்து சும்மா இருந்த நிமோய்!

சரி, ஆரம்பியுங்கள்.


கல்லணை:

எண்பதுகளில் தூர்தர்ஷனில் பார்த்த கோஷ்டி நான். அப்போது வசனம் பாதி புரியாது. ஆனாலும் யார் அதிகாரி, யார் அறிவாளி, யார் கோபக்காரர் என்பது முகத்தைப் பார்த்தே விளங்கிவிடும். நடிகர் தேர்வு சரியாக இருந்தது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

என் கேப்டன் லெஸ்லி நீல்சன். சிரிக்காதீர்கள். 'நேக்கட் கன்' பார்த்தவர்களுக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும், ஆனால் 1980ல் 'ஏர்ப்ளேன்' வரும்வரை மனிதர் சீரியஸ் நடிகர். 1956ல் எம்ஜிஎம் எடுத்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்தில் விண்கப்பல் கமாண்டரே அவர்தான். நேரே நிற்பார், நேரே பேசுவார், கூடவே ஆலோசனை சொல்ல ஒரு டாக்டர். ஸ்டார் ட்ரெக்கின் எலும்புக்கூடு பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது. அந்த டாக்டராக வந்த வாரன் ஸ்டீவன்ஸ் பிற்பாடு ஸ்டார் ட்ரெக்கிலேயே ஒரு பகுதியில் வில்லனாக வருகிறார்.

பின்வரிசை கேட்ட பக்கத்து ஆள் கணக்குக்கு வருகிறேன். நீல்சன் ஒரு கம்பி. அவருக்குப் பக்கத்தில் நிமோய் என்ற இன்னொரு கம்பியை நட்டால் காட்சி நகராது. எனவே ஸ்பாக் வேடத்தை லாண்டாவின் தலையிலேயே கட்டுகிறேன், அவர் அழுதாலும் சரி. லாண்டாவ் முகத்தை எவ்வளவு இறுக்கி வைத்தாலும் கண்ணில் ஒரு திருட்டுத்தனம் இருக்கும். இந்த ஸ்பாக்குக்கு உணர்ச்சி உண்டு, ஒளித்து வைத்திருக்கிறார் என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடும். மூன்று வருஷம் காத்திருந்து கண்டுபிடிக்கிற சுவை போய்விடும்தான். பதிலாக, கேப்டனுக்குத் தெரியாமல் ஏதோ செய்கிற ஸ்பாக் கிடைப்பார்.

ஒரு கொசுறு. 'ஏர்ப்ளேன்' இரண்டாம் பாகத்தில் ஷாட்னர் வந்து தன்னையே கிண்டல் செய்து நடித்திருப்பார். ஆக நீல்சனும் ஷாட்னரும் கடைசியில் ஒரே கடையில்தான் சரக்கு விற்றார்கள்.


வேணி:

கல்லணை சார், கம்பி, திருட்டுத்தனம் எல்லாம் ரசித்தேன். ஆனால் பேச்சு கேப்டன் நாற்காலியை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

'தி கேஜ்' கப்பலில் இரண்டாவது இடத்தில் இருப்பவர் ஒரு பெண். பெயர்கூடக் கிடையாது, 'நம்பர் ஒன்' என்று மட்டும் கூப்பிடுவார்கள். நடித்தவர் மேஜல் பாரெட். உணர்ச்சி காட்டாத, கணக்குப் போட்டுப் பேசுகிற குணம் முதலில் இவருக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது பைலட்டில் அந்த அம்மாள் இல்லை, அவருடைய குணம் மொத்தமும் ஸ்பாக்குக்குப் போய்விட்டது. பின்வரிசை, நீங்கள் ஸ்பாக்கில் பாதியை ஷாட்னர் உருவாக்கினார் என்கிறீர்கள். மீதிப் பாதி இந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கியது. அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

ஏன் தூக்கினார்கள் என்பதற்கு இரண்டு கதை. சேனல்காரர்களுக்குப் பெண் அதிகாரி பிடிக்கவில்லை என்பது ராடன்பெரி சொன்னது. டெசிலுவில் அவருக்கு மேலே இருந்த ஹெர்ப் சோலோ இதை மறுத்தார். பெண் அதிகாரி என்பதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அதிகம் பெயர் தெரியாத தன் காதலியை ராடன்பெரி அந்த இடத்தில் போட்டதுதான் உறுத்தியது என்பது அவர் தரப்பு. (இருவரும் 1969ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.) எனக்கு சோலோ சொல்வதே நம்பும்படி இருக்கிறது. பாரெட்டும் அந்த வேடத்தில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறார், சும்மா சொல்லக் கூடாது.

அதனால் நம்பர் ஒன் வேடத்துக்கு நான் போடுவது ஜோன் லின்வில். 1968ல் 'தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்' பகுதியில் எதிரிகளான ரோமுலன்களின் கப்பல் தளபதியாக வருவாரே, அவர். ஸ்பாக்கோடு தனியாக உட்கார்ந்து பேசும் காட்சியில் அதிகாரமும் ஆசையும் ஒரே முகத்தில் மாறி மாறித் தெரியும். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்த பிறகும் அந்த அம்மாள் நிமிர்ந்துதான் நிற்கிறார். பெண் அதிகாரி என்பதை நம்ப மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் போதும்.

என் இரண்டாவது மாற்றத்துக்கு நீங்கள் எல்லோரும் சண்டைக்கு வருவீர்கள். ஸ்பாக்காக நிஷெல் நிக்கல்ஸ்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் தேர்வுக்குப் போனபோது, பிற்பாடு அவர் நடித்த தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா என்ற பாத்திரத்துக்கு வசனமே எழுதி முடித்திருக்கவில்லை. அங்கே கொடுத்த தாளில் இருந்த ஸ்பாக்கின் பகுதியைத்தான் படித்துக் காட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்துத்தான் வேலை கிடைத்திருக்கிறது! டியூக் எலிங்டன் குழுவோடு பாடியவர், மூச்சும் குரலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். தொடரில் அவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் "அலைவரிசை திறந்திருக்கிறது, கேப்டன்" வகை வசனம். முதல் வருஷம் முடிந்து விலகப் போனவரை மார்ட்டின் லூதர் கிங் தடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்பாக் வசனம் கையில் இருந்திருந்தால் விலகுகிற பேச்சே வந்திருக்காது.

பக்கத்து ஆள்? மெக்காய்தான் அடி வாங்குவார். அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்த வெள்ளைக்கார டாக்டர், ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து "பச்சை ரத்தக்காரி" என்று வாரா வாரம் திட்டுவதை 1966ல் எழுதியிருக்கவும் முடியாது, எழுதியிருந்தால் யாராலும் சிரித்திருக்கவும் முடியாது. அந்தச் சண்டை இல்லாவிட்டால் மெக்காய்க்கு வேலை பாதி குறையும். வேறு டாக்டர் எழுத வேண்டியதுதான். அந்த விலை கொடுக்க நான் தயார்.


ஒத்திகை:

வேணியின் யோசனை அருமை. 66ல் எந்தச் சேனலும் விட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

முப்பது வருஷமாக சபா நாடகங்களில் சின்ன வேஷம் போட்டும் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தும் காலம் தள்ளியவன் என்ற முறையில் பின்வரிசை தம்பியோடு எனக்கு ஒரு தகராறு. எதிரே நிற்கிறவர்தான் நடிகரை மாற்றுகிறார் என்றால் டைரக்டர் எதற்கு?

இரண்டாவது பைலட்டை மறுபடியும் பாருங்கள். 1965 ஜூலையில் எடுத்தது. ஷாட்னர் வந்துவிட்டார், முப்பரிமாணச் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஆனால் நிமோய் இன்னும் உரக்கத்தான் பேசுகிறார், இன்னும் கொஞ்சம் முறைக்கிறார். ஷாட்னர் எதிரே உட்கார்ந்ததும் ஸ்பாக் பிறந்துவிடவில்லை.

பிறந்தது 1966ல், 'தி கார்போமைட் மெனூவர்' எடுத்தபோது. தொடருக்காக முதலில் படமானது அதுதான், திரைக்கு வந்தது பிற்பாடு. திரையில் ஒரு பிரம்மாண்டமான உருண்டைக் கப்பல், நம் என்டர்பிரைஸ் கப்பலை ஒரு தூசு போலக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வியர்க்கிறது. ஸ்பாக்குக்கு ஒரே சொல் வசனம்: "ஃபேசினேட்டிங்". நிமோய் மற்றவர்களைப் போலவே பதறிச் சொல்லப் பார்த்திருக்கிறார். டைரக்டர் ஜோசப் சார்ஜென்ட் நிறுத்தி, நீ வேறு மாதிரி இரு, விஞ்ஞானியாக இரு, எதிலும் ஒட்டாமல் சொல் என்றிருக்கிறார். சொன்னார். அந்த நொடியில்தான் எனக்கு ஸ்பாக் கிடைத்தான் என்று எழுதியதும் அதே நிமோய்தான். ஆக உங்கள் சாட்சியே என் பக்கமும் சாட்சி சொல்கிறார்.

என் மாற்றம் ஒன்றுதான். டாக்டரை மாற்றாமல் இருந்திருந்தால் என்ன? முதல் பைலட்டில் ஜான் ஹாய்ட், இரண்டாவதில் பால் ஃபிக்ஸ், இருவருமே அறுபதைத் தொட்டவர்கள். ஃபிக்ஸ் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் நீதிபதியாக வந்தவர். இவர்களில் யார் இருந்தாலும் ஸ்பாக்கோடு நடக்கிற வாய்ச்சண்டை பெரியவர் சின்னவனைக் கண்டிப்பதாக ஆகியிருக்கும். ஸ்பாக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது. மெக்காயாக வந்த டிஃபாரஸ்ட் கெல்லிக்கு அப்போது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும், கௌபாய் படங்களில் அடியாளாக வந்து வந்து அலுத்த முகம். அவர் வந்த பிறகுதான் சரிசமமான சண்டை. இரண்டாவது வருஷம் அவர் பெயரைத் தொடக்க எழுத்திலேயே போட்டார்கள். டாக்டர் வேடத்தில் மட்டும் தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள்.


நாடோடி:

புதுத் தொடர்களை ஓரம் கட்டச் சொன்னீர்கள். ஆனாலும் ஒரு வார்த்தை. நீங்கள் கற்பனை செய்வதை அவர்களே எடுத்துப் பார்த்துவிட்டார்களே. 2022ல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'. பைக்காக ஆன்சன் மவுன்ட், நம்பர் ஒன்னாக ரெபெக்கா ரோமெய்ன், ஸ்பாக்காக ஈதன் பெக். அந்த ஸ்பாக் சிரிக்கவும் செய்கிறார்.


பின்வரிசை:

நாடோடி, அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. ஈதன் பெக் சிரித்தால் நமக்குப் பிடிப்பதே, நிமோய் மூன்று வருஷம் சிரிக்காமல் இருந்ததால்தான். தவிர ஆன்சன் மவுன்டின் பைக் சமைத்துப் போட்டு எல்லோரையும் கலகலப்பாக வைத்திருக்கிற மனிதர், ஹன்டரின் பைக்கோடு அவருக்குப் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

ஒத்திகை ஐயா, சார்ஜென்ட் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவர் சொன்ன அறிவுரையைப் பாருங்கள்: "வேறு மாதிரி இரு". யாரிலிருந்து வேறு? அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அத்தனை பேரும் பதறுவதால்தான் ஒருவர் பதறாமல் இருப்பது கண்ணில் படுகிறது. ஹன்டர் கேப்டனாக உட்கார்ந்து அமைதியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதே வசனத்தை அதே தொனியில் நிமோய் சொன்னால், இரண்டு பேருக்கும் தூக்கம் வருகிறது போலிருக்கும். டைரக்டர் வழி காட்டினார், அந்த வழியை முன்னாலேயே காலியாக்கி வைத்தவர் ஷாட்னர். ஷாட்னரும் நிமோயும் அதற்கு முன்பே 1964ல் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடரில் ஒரே பகுதியில் நடித்திருக்கிறார்கள். தேடிப் பாருங்கள், அதில் நிமோய் சாதாரண வில்லனாகத்தான் தெரிவார். அது வேறு மாதிரிக் காட்சி என்பீர்கள், சரி.

வேணி, மீதிப் பாதி நம்பர் ஒன்னிடமிருந்து வந்தது என்பதை எடுத்துக்கொண்டேன். லின்வில் எனக்கு முழுச் சம்மதம். ஹன்டர், லின்வில், சிரிக்கிற நிமோய், கெல்லி என்று ஒரு கப்பல் கிளம்பினால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன், ஆனால் அந்தக் கப்பலில் ஸ்பாக் வெறும் காது நீண்ட உதவியாளர். 1967ல் நிமோய்க்கு வந்து குவிந்த ரசிகர் கடிதங்கள் எல்லாம் லின்வில்லுக்குப் போயிருக்கும்.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கேப்டனை மாற்றுகிறீர்களே, ஷாட்னரை எங்கே உட்கார வைப்பது? அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.


வேணி:

வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இரண்டாவது பைலட்டிலேயே இடம் இருக்கிறது.

அதில் கேப்டனின் உயிர் நண்பன் கேரி மிட்செல், மெல்ல மெல்லக் கடவுள் சக்தி வந்து தலைக்கேறி எல்லோரையும் பூச்சியாகப் பார்க்க ஆரம்பிப்பான். நடித்தவர் கேரி லாக்வுட். ராடன்பெரி அதற்கு முன் எடுத்த 'தி லெப்டினன்ட்' தொடரின் கதாநாயகனே அவர்தான், மரீன் படை அதிகாரி உடையில் கச்சிதமாக இருப்பார். அவரைக் கேப்டனாக்கிவிட்டு ஷாட்னரை மிட்செல் ஆக்குங்கள். சக்தி ஏறியதும் மிட்செலுக்கு வருகிற வெள்ளிக் கண்ணும் ஷாட்னரின் குரலும் சேர்ந்தால் எப்படி இருக்கும்! அந்தக் கண் லென்ஸ் தடிமனானது, நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் லாக்வுட் தலையை அண்ணாந்து மூக்கு வழியாகக் கீழே பார்த்துத்தான் நடித்தார், அதுவே திமிராக அமைந்துவிட்டது. ஷாட்னருக்கு அந்த லென்ஸே தேவைப்பட்டிருக்காது.


ஒத்திகை:

அப்படியானால் ஷாட்னர் ஒரே பகுதியில் செத்துப்போவார் அம்மா.


வேணி:

சாகட்டும். ஆனால் அந்த ஒரு பகுதியை ஐம்பது வருஷம் பேசியிருப்போம்.


கல்லணை:

லாக்வுட் கேப்டன் ஆனால் இன்னொரு சிக்கல். 1965 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தில் குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார். அதில் ஃபிராங்க் பூலாக வருவது இதே லாக்வுட். கேப்டன் நாற்காலியில் அவரை மூன்று வருஷத்துக்குக் கட்டிப்போட்டால் குப்ரிக்குக்கு நாம்தான் வேறு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஹெச்ஏஎல் கணினியோடு சதுரங்கம் ஆடித் தோற்கிற அந்த வேடத்துக்கு, சும்மா இருக்கிற நிமோயைக் கேட்டுப் பார்க்கலாமா?